வயலும் கச்சேரியும்: தஞ்சைக் காவிரிப் படுகையின் கடன்சொற்கள் காட்டும் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

தஞ்சைக் காவிரிப் படுகை பதினாறாம் நூற்றாண்டு முதல் தெலுங்கு, மராத்தி, ஆங்கிலம் ஆகிய மொழிகளை வழங்கிய ஆட்சியாளர்களின் கீழ் இருந்தது. மராத்தியின் வழியாகப் பாரசீக, அரபுச் சொற்களும் இப்பகுதியின் நிருவாக வழக்கில் நிலைபெற்றன. நெல் விளையும் வயலின் சொற்கள் பெரும்பாலும் மாறாதிருக்க, அந்நெல்லைக் கணக்கிட்டு வரி தண்டிய கச்சேரியின் சொற்கள் மட்டும் ஏன் அடுத்தடுத்து மாறின என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. பின்னிய, பால்டிக், சிலாவிய மொழிகளின் கடன்சொல் ஆய்வில் உருவான அடுக்குமுறை இதற்கு ஒப்பீட்டுக் கருவியாகிறது. சொல் மாறாமை மொழித் தூய்மைக்குச் சான்றன்று. அரசின் கை எதுவரை நீண்டது, எங்கே நீளாமல் நின்றது என்பதற்கே அது சான்று என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: கடன்சொல், மொழித் தொடர்பு, தஞ்சை மராட்டியர், மிராசு, காணியாட்சி, குடிமராமத்து, பண்ணையாள்

1. முன்னுரை

தஞ்சைப் பெரிய கோயிலின் சுவர்களில் இருவேறு காலத்து அரசுகள் தம் மொழியைப் பொறித்துள்ளன. 1010ஆம் ஆண்டையொட்டி முதலாம் இராசராசன் பொறிப்பித்தவை பெரும்பாலும் தமிழ்க் கல்வெட்டுகள். கோயிற் பணியாளர் பெற்ற பங்கு, நிலத்தின் வேலிக் கணக்கு, நெல்லின் கலக் கணக்கு, அதனை அளந்த மரக்காலின் பெயர் ஆகியன அவற்றில் இடம்பெறுகின்றன. அதே கோயில் வளாகத்தில், 1803ஆம் ஆண்டில் இரண்டாம் சரபோசி மன்னரின் ஆணைப்படி போன்சுலே மரபின் வரலாறு மராத்தியில் மிக நீண்ட கல்வெட்டாகப் பொறிக்கப்பட்டது. ஏறத்தாழ எண்ணூறு ஆண்டு இடைவெளியில் அரசு பேசிய மொழி மாறியது. ஆயினும் மராத்திக் கல்வெட்டு எழுந்த காலத்தில் கோயிலுக்கு வெளியே இருந்த உழவர் வேலி, மா, கலம், மரக்கால் என்னும் சொற்களையே வழங்கி வந்தனர்.

பிறமொழிச் சொற்கள் பற்றிய தமிழ் ஆய்வுகள் பெரிதும் இருவகையின. சொற்களைத் திரட்டி மூலமொழி சுட்டுவன ஒருவகை. கலப்பின் அளவைக் கொண்டு மொழியின் நலிவையோ ஏற்புத்திறனையோ மதிப்பிடுவன மற்றொருவகை. எச்சொல் எத்துறையில் நுழைந்தது, எத்துறையில் நுழையவில்லை என்னும் வினா இவற்றில் முதன்மை பெறுவதில்லை. அவ்வினாவை ஒரு நிலப்பகுதியளவில் எழுப்புவது இக்கட்டுரையின் நோக்கம். வேளாண்மை, நீர்ப்பாசனம், நிலவரி ஆகிய மூன்று துறைச் சொற்களோடு ஆய்வு எல்லை வரையறுக்கப்படுகிறது.

2. அடுக்குகளைப் பிரித்தறியும் முறை

கடன்சொற்களை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளும் முறை பால்டிக் கடற்கரை மொழிகளின் ஆய்வில் தெளிவாக உருப்பெற்றது. பின்னிய மொழிகள் யூரல் குடும்பத்தைச் சேர்ந்தவை. இலித்துவேனியம், இலத்துவியம் ஆகிய பால்டிக் மொழிகளும் உருசியம் முதலிய சிலாவிய மொழிகளும் இந்தோ ஐரோப்பியக் குடும்பத்தவை. தென்மார்க்கு நாட்டு அறிஞர் வில்லெம் தாம்சென் 1869இல் பின்னிய மொழிகளில் செருமானியச் செல்வாக்கையும், 1890இல் பால்டிக் தொடர்பையும் ஆராய்ந்து நூல்கள் வெளியிட்டார். எழுத்துச் சான்று இல்லாத காலத்துத் தொடர்பைச் சொல்லின் ஒலிவடிவத்தைக் கொண்டே அடுக்கடுக்காகப் பிரிக்க இயலும் என்பதை அவர் ஆய்வு நிறுவியது.

சான்றாக, வைக்கோற்புல்லைக் குறிக்கும் பின்னியச் சொல் 'ஹெய்னா'. இலித்துவேனியத்தில் அது 'ஷியெனாஸ்'. உறைபனிக்குப் பின்னியத்தில் 'ஹல்லா', இலித்துவேனியத்தில் 'ஷல்னா'. பின்னியத்தில் பழைய ஷகர ஒலி ஹகரமாகத் திரிந்தது. ஆகவே அத்திரிபு நிகழுமுன்பே இச்சொற்கள் கடன் பெறப்பட்டிருத்தல் வேண்டும்.

ஒலிக்கு அடுத்து நோக்கத்தக்கது பொருட்புலம். மணமகள், மகள், உடன்பிறந்தாள் ஆகியோரைக் குறிக்கும் சொற்களையும் பின்னியம் பால்டிக் மொழியிலிருந்து பெற்றுள்ளது. மணவுறவு அளவுக்கு நெருங்கிய வாழ்வை இது காட்டுவதாக அறிஞர் கருதுவர். சிலாவியக் கடன்சொற்கள் வேறுவகையின. சிலுவைக்கான 'ரிஸ்தி', குருவுக்கான 'பப்பி', புறச்சமயத்தானுக்கான 'பகனா' ஆகியவை கிழக்குச் சிலாவிய வழி வந்தவை. ஆனால் பின்லாந்தில் கிறித்தவத்தை நிறுவியது சுவீடன் வழி வந்த மேலைத் திருச்சபையே. சமயத்தை அமைப்பாக நிலைநாட்டியவர் ஒருவர். அதன் முதற்சொற்களை முன்னமே பரப்பியவர் வேறொருவர். ஆள்பவரின் மொழியே கடன் கொடுக்கும் மொழி என்னும் எளிய கணக்கு பொருந்தாது என்பதற்கு இது தக்க சான்று.

கடன் ஒருவழிப்பட்டதும் அன்று. சிறுவனைக் குறிக்கும் இலத்துவியச் சொல்லாகிய 'புய்கா', வீட்டைக் குறிக்கும் 'மாயா' ஆகியவை பின்னிய மொழிகளிலிருந்து சென்றவை. ஒலிவடிவம், பொருட்புலம், கடனின் திசை என்னும் இம்மூன்று அளவைகளையும் தஞ்சைக்குப் பொருத்தும்போது ஒரு வசதி உண்டு. அங்கே ஊகத்தால் அறிய வேண்டிய காலவரிசை, இங்கே கல்வெட்டுகளாலும் மோடி ஆவணங்களாலும் குறுக்குச் சோதனைக்கு உட்படும்.

3. தஞ்சையில் மொழிகளின் வரிசை

சோழர் காலத்து வருவாய்த்துறை 'புரவுவரித் திணைக்களம்' எனப்பட்டது. இறை, கடமை, குடிமை, காணி, வரிப்பொத்தகம் ஆகியன அக்காலத்து வழக்கு. பிரமதேயம், தேவதானம், சபை முதலிய வடசொற்களும் இவற்றோடு வழங்கின. கொடை, சமயம், அவை ஆகிய துறைகளில் வடமொழி மிகுந்தும், நில அளவை, விளைச்சல், நீர்ப் பங்கீடு ஆகிய துறைகளில் தமிழ் மிகுந்தும் காணப்படுகின்றன. துறைவாரிப் பிரிவு அக்காலத்திலேயே தொடங்கிவிட்டது.

1532ஆம் ஆண்டையொட்டித் தஞ்சையில் சேவப்ப நாயக்கரின் ஆட்சி தொடங்கியது. 1673இல் விசயராகவ நாயக்கரோடு அம்மரபு முடிந்தது. இந்நூற்று நாற்பது ஆண்டுகளில் தெலுங்கு அவைமொழியாகவும் இலக்கிய மொழியாகவும் ஓங்கியது. 1670களின் நடுப்பகுதியில் ஏகோசி நிறுவிய மராட்டியர் ஆட்சி 1855 வரை நீடித்தது. அவர் மகன் சாகசியின் 'பஞ்சபாஷா விலாச நாடகம்' ஐந்து மொழிகளை ஒரே மேடையில் பேசவைத்தது. மராட்டியர் காலத்திலும் இசைக்குத் தெலுங்கே முதன்மையாக இருந்தது. திருவையாற்றில் வாழ்ந்த தியாகராசரின் கிருதிகள் இதற்குச் சான்று. கதாகாலட்சேபத்திற்கு மராத்தி கீர்த்தனை மரபு வடிவம் கொடுத்தது. சாகி, திண்டி, ஓவி, அபங்கம் என்னும் பாவகைப் பெயர்கள் அவ்வழி வந்தவை. அரண்மனைக் கணக்கோ மோடி எழுத்தில் அமைந்த மராத்தியில் எழுதப்பட்டது. அவ்வாவணங்களுள் ஒரு பகுதியைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் தமிழாக்கி வெளியிட்டுள்ளது.

கடற்கரையின் நிலை இதனை மேலும் விளக்கும். தரங்கம்பாடியைத் தென்மார்க்கு 1620 முதல் 1845 வரை தன்வசம் வைத்திருந்தது. நாகப்பட்டினத்தில் போர்த்துக்கீசியர் 1658 வரையிலும், அதன்பின் ஒல்லாந்தர் 1781 வரையிலும் இருந்தனர். ஆயினும் சாவி, சன்னல், அலமாரி, மேசை, ஏலம், பாதிரி, பீப்பாய் எனத் தமிழில் வேரூன்றியவை போர்த்துக்கீசியச் சொற்களே. இருநூற்று இருபத்தைந்து ஆண்டு நிலைத்த தேனிய மொழி இவற்றுக்கு ஈடான தடம் எதையும் பொது வழக்கில் விடவில்லை. துறைமுகங்களின் பொது வணிக மொழியாகப் போர்த்துக்கீசியமே விளங்கியமை இதற்குக் காரணம். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கும் அவர் தொடங்கிய மறைப்பணியும் தமிழோடு போர்த்துக்கீசியத்தையும் பயன்படுத்த வேண்டியிருந்தது. கொடி பறந்த மொழியை விடப் பேரம் பேசப்பட்ட மொழியே சொற்களைக் கொடுத்தது.

4. நிலவழி வந்த பாரசீகம்

தஞ்சையின் நிலவரிச் சொற்களுள் மிகுதியானவை பாரசீக வழி வந்த அரபுச் சொற்கள். மிராசு, வாரிசு, வசூல், பாக்கி, கிஸ்தி, பசலி, மகசூல், அசல், நகல், தாலுகா, தாசில்தார், ஜமாபந்தி, அமானி ஆகியன சில. ஆனால் பாரசீகத்தை நிருவாக மொழியாகக் கொண்ட ஆற்காட்டு நவாபின் நேரடி ஆட்சி தஞ்சையில் 1773 முதல் 1776 வரை மட்டுமே இருந்தது. மூன்றாண்டு ஆட்சி இத்தனை சொற்களை ஊர்தோறும் வேரூன்றச் செய்திருக்க இயலாது.

விடை மராட்டியரின் முன்வரலாற்றில் உள்ளது. ஏகோசியின் தந்தை சாகசி பீசப்பூர் சுல்தானியத்தில் பணியாற்றியவர். ஏகோசியும் அவ்வரசின் படைத்தலைவராகவே தெற்கே வந்தார். தக்காணத்துச் சுல்தானியங்களின் கணக்குமுறை மராத்தி எழுத்தர்களின் கையில் வளர்ந்தது. ஆகவே அவர்களது அலுவல் மராத்தியில் பாரசீகச் சொற்கள் ஊடுருவி நின்றன. ஏகோசியின் உடன்பிறந்தாராகிய சிவாசி இதனை மாற்ற விரும்பி, பாரசீக ஆட்சிச் சொற்களுக்கு வடமொழி நிகரன்கள் தரும் 'இராசவியவகார கோசம்' என்னும் நூலைத் தொகுக்கச் செய்தார். அத்தகைய நூல் தேவைப்பட்டமையே மராத்தியில் பாரசீகம் எவ்வளவு ஊறியிருந்தது என்பதைக் காட்டும். அந்த மராத்தி எழுத்தர்களோடுதான் பாரசீகச் சொற்கள் தஞ்சைக்கு வந்தன. பின்னர்க் கிழக்கிந்தியக் கும்பினி தன் எல்லா மாவட்டங்களிலும் அவற்றையே ஒருசீர்மைக்குரிய கலைச்சொற்களாக்கியது. பின்லாந்தின் சிலாவியச் சமயச் சொற்களைப் போன்றே, ஆளாத மொழி ஒன்று பிறர் வாய்வழி வந்து நிலைத்தது.

ஒலிவடிவமும் இவ்வழியை உறுதிசெய்கிறது. மிராசு, வாரிசு ஆகிய இரண்டும் மரபுரிமையைக் குறிக்கும் ஒரே அரபு வேரிலிருந்து பிறந்தவை. அவ்வேரின் இறுதி மெய் அரபில் நுனிநாப் பல்லில் உரசிப் பிறக்கும் தகரச் சாயலுடைய ஒலி. பாரசீகத்தில் அது சகரமாக ஒலிக்கும். தமிழ் வடிவங்கள் இரண்டிலும் சகரமே உள்ளது. நாகூர், நாகப்பட்டினக் கரைக்குக் கடல்வழி அரபுத் தொடர்பு மிகப் பழையதாயினும், இச்சொற்கள் அவ்வழி வராமல் பாரசீகத்தின் வழியே நிலமார்க்கமாக வந்தன என்பது இதனாற் பெறப்படும்.

'காகிதம்' மற்றொரு சான்று. பாரசீகத்தில் இச்சொல் 'காகஸ்' என்பதை ஒத்த ஈறுடையது. மராத்தியில் 'காகத்', கன்னடத்தில் 'காகத', தெலுங்கில் 'காகிதமு'. தமிழ் வடிவத்தின் தகரம் அண்டை மொழிகளோடு ஒத்து நிற்கிறது. பாரசீகத்திலிருந்து நேரே பெற்றிருந்தால் அங்கே சகரம் எதிர்பார்க்கப்படும். 'பாக்கி' என்பதில் ககரம் இரட்டித்தது தமிழின் ஒலியியல்புக்கு ஏற்ப நிகழ்ந்தது. உயிரிடை நின்ற தனிக்ககரம் தமிழில் மெலிந்தொலிக்கும். மூலத்தின் வல்லொலியைக் காக்க இரட்டித்தலே வழி. பகர உரசொலி தமிழில் இன்மையால் அறுவடைப் பருவம் சார்ந்தது எனப் பொருள்படும் அரபுச்சொல் 'பசலி' ஆயிற்று.

5. ஒரே பொருளுக்கு இரு சொற்கள்

இக்கடன்சொற்கள் தமிழ்ச் சொற்களை அகற்றினவா என்பது அடுத்த வினா. வேளாண் வழக்கை நோக்கின் பெரும்பாலும் அகற்றவில்லை, பொருளைப் பங்கிட்டுக்கொண்டன.

களத்தில் நெல்லைத் தூற்றி அளந்தபின் கிடைப்பது 'கண்டுமுதல்'. அதே நெல் அலுவலக அறிக்கையில் 'மகசூல்' ஆகிறது. உழவர் செய்வது 'வெள்ளாமை'. கணக்கில் ஏறுவது தெலுங்கிலிருந்து வந்த 'சாகுபடி'. நடவு, களையெடுப்பு, அறுப்பு, தூற்றல் என்னும் தனித்தனி வேலைகளுக்கு இப்படுகையில் தமிழ்ச் சொற்களே உண்டு. அவ்வேலைகள் அனைத்தையும் ஒரே தலைப்பின்கீழ்ப் பரப்பளவாகத் தொகுக்க வேண்டிய தேவை கணக்கெழுதுபவருக்கே உரியது. தொகுப்புச்சொல் மட்டும் வெளியிலிருந்து வந்தது.

காலக் கணக்கும் இவ்வாறே இரண்டாகப் பிரிந்தது. குறுவை, சம்பா, தாளடி எனப் பட்டத்தைக் கொண்டு ஆண்டை எண்ணுவது உழவர் வழக்கு. மேட்டூர் அணை 1934இல் கட்டி முடிக்கப்பட்டபின் சூன் 12 நீர்திறப்பு நாளாக அதனோடு இணைந்தது. வருவாய்த்துறையின் ஆண்டோ சூலை 1இல் தொடங்கும் பசலி. 2024 சூலையில் தொடங்கிய ஆண்டு பசலி 1434. அறுவடைப் பருவத்தின் பெயரைத் தாங்கிய ஆண்டு, தஞ்சையில் குறுவை நடவுப் பணிகள் நிகழும் வேளையில் தொடங்குகிறது. வேறொரு நிலத்தின் அறுவடையையும் வரிவசூலையும் கருதி அமைந்த ஆண்டுமுறை இங்கே பெயர்த்து நடப்பட்டமையின் அடையாளம் இது.

நில அளவையிலும் இதே நிலை. இராசராசன் கல்வெட்டில் தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவருக்கு அளிக்கப்பட்ட பங்கு, வேலி நிலத்தையும் நூறு கலம் நெல்லையும் அடிப்படையாகக் கொண்டது. இன்றும் படுகையின் உழவர் 'மா'க் கணக்கில் பேசுவதுண்டு. நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. ஒரு மா 33 சென்ட் அளவினது. பட்டாவிலோ நிலம் ஹெக்டேரில் உள்ளது. ஏக்கர், சென்ட், ஹெக்டேர் என அலுவலக அளவு மாறிக்கொண்டே வந்தது. பேச்சில் மா நின்றது.

இவ்விணைகளில் ஓர் ஒழுங்கு புலப்படுகிறது. பொருளைக் கையால் தொட்டுச் செய்யும் நிலையில் தமிழ்ச்சொல்; அது ஏட்டில் பதிந்து மேலிடத்துக்குச் செல்லும் நிலையில் கடன்சொல். விதிவிலக்குகளும் இவ்வொழுங்கை ஒட்டியே அமைகின்றன. நன்செய், புன்செய், அடங்கல், மேல்வாரம், குடிவாரம் ஆகிய தமிழ்ச்சொற்கள் அரசுக் கணக்கிலும் நின்றன. இவை ஊர்க் கணக்கரின் ஏட்டுக்கு உரியவை. அந்த ஏடு தமிழில் எழுதப்பட்டது. அவ்வேட்டுக்கு மேலுள்ள படியில்தான் மொழி மாறியது. கும்பினி ஆட்சியில் 1820களில் தஞ்சையில் நடைமுறைக்கு வந்த 'மொத்தம்பைசல்' என்னும் வரித்திட்டப் பெயர் அப்படியின் விளிம்பிலேயே பிறந்தது. 'மொத்தம்' ஊர் வழக்கு; முடிவு எனப் பொருள்படும் 'பைசல்' அரபு. அலுவலகத்தைக் குறித்த 'கச்சேரி' என்பதும் வடக்கிலிருந்து வந்த சொல்லே. அது பிற்காலத்தில் இசையரங்கையும் குறித்தது.

பால்டிக் கரையோடு ஒப்பிடத்தக்க வேறுபாடும் உண்டு. பின்னியம் மகளையும் மணமகளையும் குறிக்கக் கடன்வாங்கியது. தஞ்சைத் தமிழின் அடிப்படை உறவுச் சொற்களாகிய தாய், தந்தை, மகள், மாமன், அத்தை ஆகியன இத்தனை ஆட்சிகளுக்கும் பின்னர் அப்படியே உள்ளன. இங்கே நிகழ்ந்தது பெரிதும் அலுவல் வழித் தொடர்பு. குடும்பங்கள் கலந்த தொடர்பு அன்று.

6. அணைக்கட்டும் குடிமராமத்தும்

நீர்ப்பாசனத் துறையில் கடனின் திசை திரும்புகிறது. மதகு, வாய்க்கால், கண்ணாறு, வடிகால் ஆகிய தமிழ்ச்சொற்களுக்கு ஆட்சியாளர் மொழிகளிலிருந்து மாற்று வரவில்லை. மாறாக, 'அணைக்கட்டு' என்னும் தமிழ்ச்சொல் 'அனிகட்' என ஆங்கிலத்திற்குச் சென்றது. கல்லணையை ஆங்கிலேயர் 'கிராண்ட் அனிகட்' என்றனர். ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் தலைப்பில் 1836இல் கட்டிய மேலணைக்கும் அதே சொல் வழங்கியது. மணற்படுகையுடைய ஆற்றின் குறுக்கே நீரைத் தேக்காமல் திருப்பிவிடும் கட்டுமானத்தை அவர்கள் இங்குதான் கற்றனர். பொருளோடு சொல்லையும் பெற்றனர். அறிவு எப்பக்கம் இருந்ததோ அப்பக்கத்திலிருந்தே சொல் சென்றது.

இத்துறையில் புகுந்த பிறமொழிச் சொல்லாகக் குறிக்கத்தக்கது 'மராமத்து'. செப்பனிடுதலைக் குறிக்கும் அரபுச்சொல் பாரசீக வழி வந்து தமிழ்க் 'குடி'யோடு கூடிக் 'குடிமராமத்து' ஆயிற்று. ஊரார் தம் உழைப்பால் வாய்க்காலையும் ஏரியையும் செப்பனிடும் வழக்கத்தின் பெயர் இது. ஊர் வேலைக்கு இலவச உழைப்பு வழங்கும் வழக்கம் சோழர் காலத்தில் 'வெட்டி' முதலிய பெயர்களால் வழங்கியது. பின்னர் அவ்வுழைப்பைத் தன் உரிமையாகக் கோரிக் கணக்கிடத் தொடங்கிய அரசு அதற்குத் தன் சொல்லை இட்டது. சென்னை மாகாணத்தில் 1858இல் இயற்றப்பட்ட கட்டாய உழைப்புச் சட்டம் அக்கோரிக்கையைச் சட்டமாக்கியது. நீரின் சொற்களுக்கு நடுவே அரபுச்சொல் நிற்கும் இடம், அரசின் கை வாய்க்காலைத் தொட்ட இடமே.

2017இல் தமிழ்நாட்டரசு ஏரி, வாய்க்கால் சீரமைப்புத் திட்டத்துக்கு இப்பெயரையே சூட்டியது. தமிழரின் தொன்மரபு என அது போற்றப்பட்டது. வழக்கம் தொன்மையானதே, ஆனால் சொல்லின் பின்பாதி அவ்வழக்கத்தின்மேல் அரசு பிற்காலத்தில் ஏற்றிய முத்திரை. சொல்லின் மூலத்தை அறியாதவர் வரலாற்றின் இவ்விரு நிலைகளையும் ஒன்றாக்கிவிடுவர்.

7. காணியும் மிராசும்: எல்லிசின் வினா

ஒரு சொல்லின் மூலம் நிலவுரிமை வழக்காகவே மாறிய நிகழ்வு பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏற்பட்டது. நிலத்தின் உரிமையாளர் யார் என்பதைக் கும்பினி தீர்மானிக்க வேண்டியிருந்தது. 'மிராசு' என்பது பாரசீக வழக்குச் சொல்லாதலின், அது முன்னைய ஆட்சியாளர் வழங்கிய சலுகையே என்றும், அரசு விரும்பின் நீக்கலாம் என்றும் வாதிட இடமிருந்தது.

சென்னை ஆட்சியர் பிரான்சிசு ஒயிட் எல்லிசு அரசின் பதினேழு வினாக்களுக்கு அளித்த விடைகள் 1818இல் வெளியாயின. அவ்விடைகளில் அவர் சிரசுதார் சங்கரய்யாவின் பங்கும் உண்டு. தொண்டை மண்டலத்தை முதன்மையாகக் கொண்டு அமைந்த அவ்விடைகள், மிராசு என்பது பிற்காலப் பெயரே என்றும், அது குறிக்கும் உரிமை தமிழில் 'காணியாட்சி' என வழங்கிய தொல்லுரிமை என்றும் விளக்கின. பெயர் கடனாக வந்ததால் பொருளும் கடனாக வந்தது எனக் கொள்ளுதல் பிழை என்பது அவர் வாதத்தின் அடிப்படை.

இதே எல்லிசு, 1816இல் வெளியான கேம்பெலின் தெலுங்கு இலக்கணத்துக்கு எழுதிய குறிப்புரையில், தென்னிந்திய மொழிகள் வடமொழியினின்று பிறந்தவை அல்ல என நிறுவியவர். தற்சமம், தற்பவம் ஆகிய கடன்சொற்களைத் தனியே பிரித்துவிட்டு, தேசியச் சொற்களின் வேர்களைத் தெலுங்கு, கன்னடம், தமிழ் ஆகியவற்றில் ஒப்பிட்டுக் காட்டினார். இவ்விரு எழுத்துகளையும் ஆய்வாளர் இருவேறு துறைகளில் வைத்துப் படிப்பது வழக்கம். ஆனால் இரண்டிலும் செயற்படுவது ஒரே முறை. மேலே படிந்த கடன்சொல்லை அகற்றி, அடியிலுள்ள அடுக்கைக் காணுதல் அம்முறை. தாம்சென் பால்டிக் ஆய்வை வெளியிடுவதற்கு எழுபது ஆண்டுகளுக்கு முன்பே, கடன்சொல்லைப் பிரித்தறிதல் சென்னையில் மொழியுறவு வினாவுக்கும் நிலவுரிமை வினாவுக்கும் பயன்பட்டிருக்கிறது.

8. மாறாத சொற்களின் மறுபக்கம்

இதுவரை கூறியவற்றைக் கொண்டு, வயலின் சொற்கள் தமிழாகவே நின்றமை பெருமைக்குரியது என முடித்துவிடலாம். அம்முடிவு அரைகுறையானது. மாறாத சொற்களின் பட்டியலில் மதகும் வாய்க்காலும் மட்டும் இல்லை. 'அடிமை', 'ஆள்', 'பண்ணையாள்' என்பனவும் உள்ளன.

காணி உடையவர் மிராசுதார் ஆனார். உரிமையின் பெயர் ஆட்சிக்கு ஆட்சி புதுப்பிக்கப்பட்டது. ஏனெனில் அவ்வுரிமை ஒவ்வோர் அரசின் கச்சேரியிலும் மீண்டும் பதியப்பட வேண்டியிருந்தது. சேற்றில் இறங்கி உழைத்தவருக்கு எந்த ஏட்டிலும் பதியத்தக்க உரிமை இல்லை. ஆகவே அவர் நிலையைக் குறிக்கப் புதுச்சொல் எதுவும் தேவைப்படவில்லை. நாயக்கரும் மராட்டியரும் கும்பினியாரும் விளைச்சலில் தம் பங்கைப் பெறும் முறையை மாற்றினர். அவ்விளைச்சலை உண்டாக்கிய உழைப்புறவைப் பெரும்பாலும் அப்படியே விட்டனர். ஆங்கில ஆட்சி 1843இல் அடிமைநிலைக்குச் சட்ட ஏற்பை நீக்கியபின்னும் பண்ணையாள் முறை தொடர்ந்தது.

1952இல் சென்னை மாகாண அரசு கொண்டுவந்த தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் இங்கு நோக்கத்தக்கது. அச்சட்டத்தின் ஆங்கிலப் பெயரிலேயே 'பண்ணையாள்' என்னும் தமிழ்ச்சொல் மொழிபெயர்க்கப்படாமல் நிற்கிறது. உழைப்பவர் வேலைப் பாதுகாப்பும் கூலி வரையறையும் பெற்று அரசின் ஏட்டில் ஏறியபோது, அவர் தம் பழைய பெயரோடேயே ஏறினார். நெடுங்காலம் கச்சேரியின் கண்ணில் படாதிருந்தமைக்கு அச்சொல்லே ஆவணம்.

ஆகவே ஒரு துறையில் கடன்சொல் இன்மைக்கு இருவேறு காரணங்கள் இருக்கக்கூடும். அணைக்கட்டைப் போல, அறிவு உள்ளூரில் நிறைந்திருந்தமை ஒன்று. பண்ணையாளைப் போல, ஆட்சிகள் மாறியும் வாழ்வு மாறாமை மற்றொன்று. சொற்பட்டியல் மட்டும் இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காட்டாது. ஆவணத்தோடு வைத்துப் பார்த்தாலே வேறுபாடு புலப்படும்.

9. முடிவுரை

தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் 1956இல் நிறைவேறியபின் அலுவலகச் சொற்களுக்குத் தமிழ் நிகரன்கள் ஆக்கப்பட்டன. தாசில்தார் வட்டாட்சியரானார், ஜமாபந்தி 'வருவாய்த் தீர்வாயம்' ஆயிற்று. ஆயினும் அறிவிப்புகளில் அப்பெயருக்கருகே அடைப்புக்குறிக்குள் ஜமாபந்தி என்றும் அச்சிடப்படுகிறது. மனுவோடு வருவோர்க்கு விளங்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். இரண்டு நூற்றாண்டுப் புழக்கத்தில் கச்சேரியின் கடன்சொல் ஊராரின் சொல்லாகிவிட்டமையை அந்த அடைப்புக்குறி ஒப்புக்கொள்கிறது.

இவ்வாய்வால் பெறப்படும் முடிபுகள் வருமாறு. கடன் கொடுக்கும் மொழி ஆளும் மொழியாகவே இருக்க வேண்டியதில்லை. தஞ்சையின் பாரசீகமும் தரங்கம்பாடியின் போர்த்துக்கீசியமும் இதற்குச் சான்று. வேளாண் துறையில் கடன்சொற்கள் தமிழ்ச்சொற்களைப் பெரும்பாலும் அகற்றாமல், செயலுக்கும் பதிவுக்கும் இடையே பொருளைப் பங்கிட்டன. கலப்புச் சொற்கள் ஊரும் அரசும் சந்தித்த எல்லைகளில் பிறந்தன. சொல்லின் மாறாமை ஓரிடத்தில் அறிவின் வலிமையையும் மற்றோரிடத்தில் வாழ்வின் தேக்கத்தையும் காட்டுகிறது.

தஞ்சைக் கல்வெட்டுகளையும் மோடி ஆவணங்களையும் ஊர்க் கணக்கேடுகளையும் ஒருங்கே வைத்து, ஒவ்வொரு கடன்சொல்லும் முதலில் எந்த ஆண்டில், எவ்வகை ஆவணத்தில், எத்துறையில் தோன்றுகிறது எனப் பதியும் காலவரிசை அகராதி ஒன்று உருவாக்கத்தக்கது. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் சொற்களின் மூலமொழியைச் சுட்டியது. அச்சொற்கள் நுழைந்த காலத்தையும் வாயிலையும் சுட்டுவது இனிச் செய்ய வேண்டிய பணி. அது நிறைவேறுமாயின், படுகையின் நிலவுரிமை வரலாற்றை எழுதுவோர்க்கு ஒவ்வொரு கடன்சொல்லும் நாளிட்ட ஆவணமாகப் பயன்படும்.